பேக்கப் பாடத்தை ரீஸ்டோரிலிருந்து தொடங்குங்கள்

சர்வர் நிர்வாகத்துக்கான சான்றிதழ் தேர்வான காம்ப்டியா சர்வர் பிளஸுக்குப் படிக்கிறவர்கள் பலர் பேக்கப் பகுதியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஃபுல் (எல்லாவற்றையும் பிரதி எடுப்பது), இன்கிரிமென்டல் (கடைசி பேக்கப்புக்குப் பிறகு மாறியவை மட்டும்), டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியவை எல்லாம்) மூன்றுக்கும் விளக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்ற எண்ணம். 90 நிமிடங்களில் 90 கேள்விகள் வரை சந்திக்க வேண்டிய தேர்வில் அந்த மனப்பாடம் கைகொடுக்காது. ஓர் அலுவலகத்தின் நிலைமையைச் சொல்லி, இங்கே எது பொருந்தும் என்று கேட்டால் திணறிப்போவீர்கள். நான் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தேன்: முதலில் ரீஸ்டோர், அதாவது பிரதியிலிருந்து மீட்பது; பிறகு பேக்கப்.

ஒரு தாளில் ஏழு நாட்களை எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு ஃபுல், மற்ற இரவுகளில் இன்கிரிமென்டல். வியாழன் காலை சர்வரின் டிஸ்க் போய்விட்டது. மீட்க எவை தேவை? ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும், அதே வரிசையில். செவ்வாயின் பிரதி கெட்டிருந்தால் திங்கள் இரவு நிலைக்கு மேல் நம்பகமாக வர முடியாது. இன்கிரிமென்டலுக்குப் பதில் டிஃபரன்ஷியல் என்றால் ஞாயிறும் புதனும் போதும். ஆனால் ஒவ்வோர் இரவும் பிரதி பெருத்துக்கொண்டே போகும். ஃபுல்லும் இன்கிரிமென்டலும் ஆர்க்கைவ் பிட்டை (கோப்பு மாறியிருக்கிறது, பிரதி எடுக்க வேண்டும் என்று காட்டும் குறியை) அழிக்கின்றன, டிஃபரன்ஷியல் அதைத் தொடுவதில்லை என்ற வரி இந்தத் தாளைப் போட்ட பிறகு தானாகவே மனதில் நிற்கும். டிஸ்க் போகும் நாளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து நேரக் கணக்கு. இதைப் பலர் தொடுவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஃபைல் சர்வரில் 2 டெராபைட் இருக்கிறது. கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 125 மெகாபைட் என்பது ஏட்டுக் கணக்கு. 110 என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இரவு 10 முதல் காலை 6 வரை அலுவலகம் காலியாக இருந்தால் ஃபுல் பேக்கப் அதற்குள் அடங்கிவிடும். நடுவில் ஒரு பழைய 100 மெகாபிட் சுவிட்ச் மாட்டியிருந்தால் அதே வேலை இரண்டு நாட்களைத் தாண்டும். அட்டவணை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

ஆர்பிஓ, ஆர்டிஓ இரண்டையும் இதோடு சேர்த்தே படியுங்கள். எவ்வளவு நேர வேலையை இழந்தால் தாங்கலாம் என்பது ஆர்பிஓ. நான்கு மணி நேர வேலைக்கு மேல் இழக்க முடியாது என்று நிர்வாகம் சொன்னால் இரவு பேக்கப் மட்டும் போதாது. எவ்வளவு நேரத்துக்குள் சர்வர் மீண்டும் ஓட வேண்டும் என்பது ஆர்டிஓ. மேலே சொன்ன நான்கு பிரதிகளை வரிசையாக ஏற்றும் நேரம் அங்கேதான் கணக்குக்கு வருகிறது.

படித்ததைச் செய்து பார்க்க, ஒரே கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மெஷின்கள் போதும். லினக்ஸில் கோப்புகளைப் பிரதி எடுக்க ஆர்சிங்க், குறித்த நேரத்தில் வேலையை ஓட்ட கிரான். கிரானில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில் எழுத வேண்டும்; ‘30 22 * * 1-5’ என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 10.30. ‘0 23 1 * 0’ என்று எழுதினால்? ஒன்றாம் தேதி ஞாயிறாக வரும்போது மட்டும் ஓடும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஓடும், ஒவ்வொரு ஞாயிறும் ஓடும். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாட்களுக்குக் கிடைக்கிறது. அதிலுள்ள விண்டோஸ் சர்வர் பேக்கப்பில், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரை இலக்காகக் கொடுத்தால் கடைசிப் பிரதி மட்டுமே தங்கும், பழையது அழிந்துபோகும். தனி டிஸ்க்கைக் கொடுத்தால் அதை ஃபார்மேட் செய்த பிறகே தொடங்கும். இரண்டையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தோல்வி அறிவிப்பு வருகிறதா என்பதையும் சோதியுங்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. தினசரி பேக்கப் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அந்த வேலை ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறை காரணமாக நிராகரிக்கப்பட்டன. சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையின் பதிவு) மீண்டார்கள். நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். தேர்வுக்கு முன் அதை அவசியம் படியுங்கள்.

3-2-1 விதி எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில். நெட்வொர்க்கில் எப்போதும் இணைந்தே இருக்கும் நாஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியே பகிரும் சேமிப்புச் சாதனம்), கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடக்கூடும் என்பதால், ஒரு பிரதியாவது நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டதாக இருக்கட்டும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் படிக்காமல், ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு அதை மீட்டுப் பழகுங்கள். ஒருமுறை பழைய இடத்திலேயே மேலெழுதி, ஒருமுறை இருப்பதன் பக்கத்தில் வைத்து, ஒருமுறை வேறு பாதையில். இந்த மூன்றும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. மீட்ட கோப்புகளின் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பு மாறினால் தானும் மாறும் குறியீடு), அழிப்பதற்கு முன் குறித்து வைத்ததோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.