66 மஸ்டாங் நாட்குறிப்பு: ஒரு செம்புத் தண்ணீர்

மார்ச் 9, 2024, சனி

ஃபோர்டின் பழைய மஸ்டாங் ஒன்றை வாங்கிச் சரிசெய்து விற்கலாம் என்று, இந்த வருஷம் பார்க்கப் போன மூன்றாவது கார். '65 மஸ்டாங், வி8, துளி துரு கிடையாது' என்று விளம்பரம். மிச்சிகனில் நோவையிலிருந்து ஒஹையோவின் டொலிடோ பக்கம் வரை போனேன். வண்டிக்குப் பத்தடி தள்ளி நிற்கும்போதே சக்கரம் காட்டிக்கொடுத்துவிட்டது: நாலு போல்ட். அந்த வருஷங்களில் மஸ்டாங் ஆறு சிலிண்டர் என்றால் நாலு போல்ட், வி8, அதாவது எட்டு சிலிண்டர், என்றால் ஐந்து. பானெட்டைத் திறந்து வண்டியின் அடையாள நம்பரைப் பார்த்தேன். இன்ஜினைச் சொல்கிற ஐந்தாவது எழுத்து டி (T), ஆறு சிலிண்டர். ஆறு சிலிண்டராகப் பிறந்த காரில் யாரோ வி8 இன்ஜினைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். பிரேக்கும் பின் ஆக்சிலும் பழைய நோஞ்சானுடையதே.

பின் ஃபெண்டரில் காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது. உள்ளே அத்தனையும் பள்ளம் அடைக்கிற பட்டி. நாமக்கல்லில் மாமாவின் லாரி பட்டறையில் வளர்ந்தவனிடமா! விற்கிறவர் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 23, சனி

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜாக்சன் தாண்டி ஒரு பண்ணைக் கொட்டகை. கார்க்காரர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார். வெள்ளை கூப் (இரண்டு கதவு வண்டி), பெயிண்ட் சுண்ணாம்பாகக் கையில் ஒட்டுகிறது. நம்பர் '6 ஆர் 07 சி' என்று தொடங்குகிறது. 6 என்றால் 1966, ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலை, 07 கூரை வைத்த கூப், சி என்றால் 289 கன அங்குல வி8. எழுத்தும் சரி, சக்கரத்தில் ஐந்து போல்ட்டும் சரி.

சான் ஹோசே என்றதுமே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மேற்கே வறண்ட ஊரில் முதல் வாழ்க்கை வாழ்ந்த வண்டியாக இருக்கலாம். மிச்சிகனில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே கார் செய்கிற ஊர், கீழே அதைத் தின்கிற உப்பு. படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிச்சட்டம் தட்டினால் கணீரென்கிறது.

அடுத்தது கவுல். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் சல்லடைக் கண் போட்ட தகடு இருக்குமே, அதுதான். காற்று அதன் வழியாக உள்ளே வரும், மழையும் கூடவே வரும். தண்ணீர் இரண்டு ஓரமும் ஓடி வெளியே வடிந்துவிட வேண்டும். காற்றுத் துளைக்குள் இறங்காமலிருக்க அதைச் சுற்றித் தொப்பி மாதிரி ஒரு விளிம்பு எழுப்பியிருப்பார்கள். சருகு விழுந்து, ஈரம் தங்கி, அந்த விளிம்பின் காலடியில்தான் துரு பிடிக்கும். மேலேயிருந்து எப்படிப் பார்த்தாலும் தெரியாது. அதனால் நான் கையோடு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோவேன்.

ஊற்றினேன். பத்து நொடி ஒன்றுமில்லை. பிறகு பயணி பக்கம், டேஷ்போர்டுக்கு அடியில், டொக். டொக். டொக். "ஹீட்டர் லீக்கா இருக்கும்" என்றார் மகன். விரலில் தொட்டுப் பார்த்தேன், கூலன்ட் பிசுபிசுப்பு இல்லை. சற்று முன் நான் ஊற்றிய தண்ணீர்தான்.

9,500 கேட்டவர் 7,800 டாலருக்கு இறங்கினார். டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், கையில் இருக்கிறது. ஒழுகலைப் பார்த்துவிட்டும் வாங்கலாமா என்றால், அடிச்சட்டம் நன்றாக இருந்தால் வாங்கலாம். 1966-ல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் மஸ்டாங் செய்தார்கள். அபூர்வ வண்டி இல்லை, அதனால் விலை ஏறாது. அதே காரணத்தால் திருகு முதல் தகடு வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமாகி இன்றோடு 60 வருஷம். அன்று ஆரம்ப விலை 2,368 டாலர். இன்று எனக்கு வந்த பெட்டியில் கவுல் தகடு, தரைத் தகடு, ரப்பர் பட்டைகள். பில்லை மேசை டிராயரில் வைத்துவிட்டேன். வீட்டில் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

மே 5, ஞாயிறு

இரண்டு நாளாக ஸ்பாட் வெல்டு (தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிய வெல்டு) அறுக்கிறேன். பானெட், ஃபெண்டர்கள், வைப்பர், முன் கண்ணாடி எல்லாம் இறக்கியாயிற்று. மேல் தகட்டைக் கழற்ற ஒவ்வொரு வெல்டாகத் தேடிப் பெயிண்டைச் சுரண்டி, நடுவில் புள்ளி குத்தி, மேல் தகடு மட்டும் அறுபடும்படி டிரில் போட வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினால் கீழ்த் தகடும் போச்சு. எண்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஃபோர்டின் டியர்போர்ன் ஆலையில் வெல்டிங் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்று, "இதைக் கழற்றுவாங்கன்னு அன்னிக்கு யாரும் நினைக்கலை" என்றார்.

மாலை ஆறு மணிக்குத் தகடு மேலே வந்தது. உள்ளே பைன் ஊசிகள் சாண உரம் மாதிரி மக்கிக் கிடந்தன. நடுவே ஒரு எலிக்கூடு. வலது தொப்பியின் அடியில் அரை வட்டமாகத் தகடே இல்லை. ஓரம் அப்பளம் போல நொறுங்கியது. கடைசி வருஷங்களில் வண்டி ஏதோ ஒரு பைன் மரத்தடியில்தான் நின்றிருக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

இன்ஜின் திரும்புகிறது, ஆனால் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.017 அங்குலம் வைத்தேன், தீப்பொறி விழும் டைமிங் பார்த்தேன், அதே தும்மல். மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிளக் வயர்கள் எந்தச் சிலிண்டர் வரிசையில் தீப்பொறி தருகின்றன என்று எண்ணினேன். 1-3-7-2-6-5-4-8. ஃபோர்டின் இன்னொரு வி8 இன்ஜினான 351 விண்ட்சரின் வரிசை அது! 289-க்கு 1-5-4-2-6-3-7-8. மாற்றிப் போட்டதும் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. இதை முதலில் பார்க்காமல் விட்டதற்கு மாமா இருந்திருந்தால் ஸ்பானரால் ஒன்று போட்டிருப்பார்.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரையும் இரட்டை சர்க்யூட்டுக்கு மாற்றினேன். 66-ல் ஒரே சர்க்யூட், ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. 67-ல்தான் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரிஜினல் வேண்டும் என்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 17, சனி

வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ், டெட்ராய்ட் பக்கத்துப் பழைய கார் ஊர்வலம். என் வண்டி பெயிண்ட் அடிக்கிற கடையில். நடந்தே பார்த்தேன். வெயில்.

அக்டோபர் 12, சனி

இரண்டாவது செம்பு. மனைவி பயணி பக்கம் தலைகீழாகப் படுத்து டார்ச் பிடித்தாள். நான் ஊற்றினேன்.

"வருதா?"

"இல்லை."

இன்னொரு செம்பு.

"இல்லைங்க. முதுகு வலிக்குது."

மூன்றாவது. இரண்டு பக்கமும் ஃபெண்டருக்குப் பின்னால் ஒழுங்காகத் தரையில் வடிந்தது. உள்ளே காய்ந்த கம்பளம். எழுந்து உட்கார்ந்தவள், வீட்டுக் குளியலறை ஒழுகல் மார்ச்சிலிருந்து நிற்கிறது என்று ஞாபகப்படுத்தினாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கணக்கு: வண்டி 7,800, சாமான் 6,400, பெயிண்ட் 7,000. மொத்தம் 21,200. கேட்கும் விலை 22,500. ஏழு மாதச் சனி ஞாயிறுகளுக்கு எனக்கு 1,300 டாலர், அதுவும் பேரம் பேசாமல் கொடுத்தால்.

இன்று ஒருவர் வந்தார். பெயிண்டில் முகம் பார்த்தார், கதவை மூன்று முறை சாத்தினார், சத்தம் பிடித்திருந்தது. கவுல் வேலையின் போட்டோக்களை நீட்டினேன். இரண்டைத் தள்ளிவிட்டு, கப் வைக்கிற இடம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். செம்பு பின் சீட்டுக்கு அடியில் தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

அவர் போன் பண்ணவில்லை. பிரேக் போட்டால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. சனிக்கிழமை டிரம்மைக் கழற்ற வேண்டும்.