116 லேன் இருந்தாலும் ஆடுவது ஒன்றில்தான்

ஜப்பானின் இனாசாவா கிராண்ட் பௌல் என்ற பௌலிங் கூடத்தில் 116 லேன், அதாவது பந்து உருட்டும் பாதை. அதோடு ஒப்பிட்டால் டர்பனில் நாம் போகிற கூடங்கள் பெட்டிக்கடை. ஆனால் எங்கே போனாலும் அளவு மாறாது: பந்து விடும் கோட்டிலிருந்து முதல் பின் (தட்டி விழவைக்கும் கட்டை) வரை 60 அடி, குறுக்கே 39 பலகை. மாறுவது எண்ணெய்தான்.

லேனின் முதல் நாற்பது அடி அளவுக்குத்தான் எண்ணெய் பூசுவார்கள். நடுவில் கெட்டியாக, ஓரங்களில் லேசாக. ஆட ஆட அது பந்தோடு போய்விடும். பகல் முழுக்கப் பிறந்தநாள் கூட்டம் ஆடிய லேனும் யாரும் தொடாத பக்கத்து லேனும் ஒரே மாதிரி பந்தை விடாது. அதனால் கவுண்டரில் லேன் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் முன்னால் எண்ணெய் போட்டது எது என்று கேட்பதில் வெட்கமில்லை. சுவரை ஒட்டிய கடைசி லேன் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு பக்கத் தொந்தரவு இல்லை.

பந்தை எடையை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். எடை குறைந்த பந்தில் விரல் ஓட்டைகளும் சிறியவை. குழந்தைகளின் 8 பவுண்டை மாமா தூக்கினால் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும், பந்து நேரத்துக்குக் கையை விடாது. பெரியவர்களுக்கு 12, 13 பவுண்டு போதும். கட்டைவிரல் முழுசாக உள்ளே போய், லேசாக உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

வலது கைக்காரர்கள் பின்னைப் பார்க்காமல், லேனில் வரைந்திருக்கும் அம்புக்குறிகளில் வலதிலிருந்து இரண்டாவதைப் பாருங்கள். அது பத்தாவது பலகை. குறி தப்பாமல் போட்டும் பந்து முதல் பின்னுக்கு இடப்பக்கம் போகிறதா? அம்பை மாற்றாதீர்கள், நிற்கும் இடத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். விலகிய பக்கமே நகர்வது முதலில் கோணலாகத்தான் தோன்றும். கால் ஒரு பலகை நகர்ந்தால் பின்கள் நிற்கும் இடத்தில் பந்து இரண்டு மூன்று பலகை மாறும். பந்து போய்ச் சேர வேண்டியது முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கம் பின்னால் நிற்கும் மூன்றாவதுக்கும் நடுவில்; முதல் பின்னை நேராக முட்டினால் இரண்டு ஓரத்திலும் பின் நிற்கும், அதைத் தட்டுவது பெரும்பாடு.

ஒவ்வொரு முறையும் பந்தைத் துணியால் துடையுங்கள், எண்ணெய் வளையம் தெரியும். டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் ஓடிவரும் தரையே பிசுபிசுக்கும், வழக்கம்போல் காலைச் சறுக்கினால் முட்டி போகும். முதலில் பந்தில்லாமல் ஒருமுறை சறுக்கிப் பாருங்கள். கழிப்பறைக்குப் போகும்போது ஷூவை மாற்றுங்கள்; ஷூவின் அடி ஈரமானால் சறுக்கும்போது கால் நடுவில் நின்றுவிடும், உடம்பு நிற்காது.

பன்னி சாவ் (குடைந்த ரொட்டியில் குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிடுவது ஆட்டம் முடிந்த பிறகு. குழம்புக் கையோடு பந்தைப் பிடிப்பவரைப் பக்கத்து லேன்காரர் மன்னிக்க மாட்டார்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் திரையைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். மின்சாரம் போனால் ஸ்கோரும் போகலாம். அந்த இருட்டில் நின்ற பந்தை எடுக்க லேனுக்குள் காலை வைக்கவே கூடாது. எண்ணெய் பளபளப்பு அப்போது கண்ணுக்குத் தெரியாது.