சென்னை மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

சென்னை மாநகராட்சி 1688லேயே தொடங்கியது, முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். பிறகு நீண்ட காலம் அந்தப் பதவியே இல்லாமல் போய், 1933ல் ராஜா சர் முத்தையா செட்டியார் வழியாகத் திரும்பி வந்தது.

எனக்கு இந்த வரிசையில் மனசுக்கு நெருக்கமானவர் சத்தியமூர்த்திதான். 1939ல் மேயரானார், அப்போதெல்லாம் பதவிக்காலமே ஒரு வருஷம்தான், ஆனால் அதற்குள் நகரத்தின் குடிநீர்ப் பஞ்சத்துக்காக பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் விழும் அளவுக்கு விடாமல் போராடினார். 1944ல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்றைக்கும் அது சத்தியமூர்த்தி சாகர்.

1957ல் தாரா செரியன் முதல் பெண் மேயர். அப்புறம் 1973ல் மன்றத்தைக் கலைத்துவிட்டு, 1996 வரை தேர்தலே நடத்தவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பெருநகரத்துக்கு மேயர் இல்லை என்பதை என்னால் இப்போதும் ஏற்க முடியவில்லை.

1996ல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் ஸ்டாலின். 2001ல் மறுபடி ஜெயித்தும், ஒருவரே எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று 2002ல் சட்டம் வந்ததால் மேயர் பதவியை விட்டார், 2021ல் முதல்வரானார். 2011 சட்டமன்றத் தேர்தலில் கொளத்தூரில் அவரிடம் தோற்ற சைதை துரைசாமி அதே வருஷம் மேயரானார். 2022ல் பிரியா, முதல் தலித் பெண் மேயர்.