வாயு கரையும் வரை

பிப்ரவரி 4

கண் அறுவை சிகிச்சை முடிந்த அக்காவுக்கு இப்போதைக்கு விமானம் கூடாதாம். கண்ணுக்குள் விட்ட வாயு முழுக்கக் கரைய வேண்டும். உயரே போனால் அது விரிந்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும் என்று டாக்டர் கையை விரித்துக் காட்டினார். ஆக, அது வரை குப்புறப் படுத்தபடி பார்சிலோனாவில்தான், ஒரு வாடகை வீடு பார்க்க வேண்டும். அக்கா கேட்டது ஒன்றுதான்: "குப்புறக் கிடக்கணும்னா கடல் சத்தம் கேக்கிற இடத்துல கிடக்கறேன்டா."

பிப்ரவரி 5

கடலோரப் பேட்டையான பார்சலோனெட்டா போய்ப் பார்த்தேன். நடுத்தெருவில் நின்றாலே உப்புக்காற்று. பால்கனிகளில் துணி காய்கிறது, நடுநடுவே பேட்டையின் நீல மஞ்சள் கொடி. 1753இல் ராணுவப் பொறியாளர் ஒருவர் நேர்கோடாகப் போட்ட தெருக்கள். கோட்டை கட்டுவதற்காக ரிபேரா பேட்டையில் வீடு இழந்தவர்களைக் குடிவைக்க என்று உருவானது. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய தளத்தைப் பாதியாக்கி, அப்புறம் அதையும் பாதியாக்கி, இப்போது பல வீடுகள் சுமார் 30 சதுர மீட்டர்தான். எனக்கு அது பரவாயில்லை. ஆனால் நான் பார்த்த வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தலையைக் குனிந்தே நடக்கிறவளை அந்தக் குறுகலான படியில் எப்படி ஏற்றுவது?

பிப்ரவரி 6

அக்கா தூங்கவில்லை.

பிப்ரவரி 8

விலா ஒலிம்பிகா. 1992 ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்கள் தங்குவதற்குக் கட்டியது. லிஃப்ட் இருக்கிறது, அகலமான நடைபாதை இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன, தெருவில் ஆள்தான் இல்லை. வீடுகளுக்கும் மணலுக்கும் நடுவே ரோண்டா லிதோரல் விரைவுச்சாலை. அரை மணி நேரம் காது கொடுத்து நின்றேன், எனக்குக் கேட்டது கார்கள்தான். அக்காவுக்கு இப்போது காதுதான் எல்லாம், இது வேண்டாம்.

பிப்ரவரி 9

பார்சலோனெட்டாவிலேயே முதல் மாடி ஒன்று கிடைக்கும் போலிருந்தது. விளம்பரத்தில் உரிம எண் இல்லை. கேட்டால் வீட்டுக்காரர் பேச்சை மாற்றுகிறார். சுற்றுலா வீடு என்றால் எச்.யு.டி.பி. என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தப் பேட்டைக்காரர்கள் தெருவில் இறங்கியதே இப்படிப்பட்ட வீடுகளை எதிர்த்துத்தான். அதற்குப் பத்து வருடம் கழித்து மேயர், நகரத்தின் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்கு மேல் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். வாடகை ஏறி ஏறி, பிறந்த தெருவைவிட்டே கிளம்ப வேண்டியிருந்தால் நானும் கொடி பிடித்திருப்பேன். எங்களுக்குக் கட்டாயம், உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு எங்கள் கட்டாயம் எப்படித் தெரியும்? அவளுக்கு நாங்களும் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர்கள். உரிமம் இல்லாத வீட்டில் அக்காவைப் படுக்கவைத்து, யாராவது கதவைத் தட்டினால் பயந்துகொண்டு... முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ராத்திரி பூராவும் அந்த முதல் மாடியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11

பரிசோதனை. குமிழி இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. தலை அசையும்போதெல்லாம் அதன் விளிம்பு ரசமட்டம் மாதிரி ஆடுகிறதாம். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் நிமிரலாம்.

பிப்ரவரி 12

போப்லெனோவ்! இத்தனை நாள் இங்கே ஏன் வரவில்லை. ஒரு காலத்தில் ஆலைகள் நிறைந்த பகுதி, புகைபோக்கிகள் சில இன்னும் நிற்கின்றன. நடுவில் மர நிழலோடு ரம்ப்லா என்கிற அகலமான நடைவீதி, பெஞ்சுகளில் உள்ளூர்ப் பெரியவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். 1912இலிருந்து ஓர்ச்சாட்டா என்கிற குளிர்பானம் விற்கிற கடை ஒன்றும் இருக்கிறது. பார்த்த வீட்டில் லிஃப்ட் உண்டு, உரிம எண் வாசலிலேயே. மெட்ரோவில் மஞ்சள் தடம். போகாதெல் கடற்கரை பொடிநடையில் பத்து நிமிடம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தம்?" என்றாள்.

படுக்கையிலிருந்து கேட்காது என்றேன். நடந்து போனால் கேட்கும், கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன், கீழே பார்த்தபடியே உட்கார்ந்துகொள், கடலைக் கேட்க நிமிர வேண்டியதில்லையே.

பதில் இல்லை.

பிப்ரவரி 13

"சரி, போலாம்" என்றாள் காலையில், நான் கேட்காமலே. முன்பணம் அனுப்பிவிட்டேன். சாவி நாளை பதினோரு மணிக்கு. சொட்டு மருந்து இன்னொரு பாட்டில் வாங்க வேண்டும், குப்புறப் படுக்கிற தலையணையை டாக்ஸியில் எப்படி