சில்லறை ஸ்பேரும் ஏரி மண்ணும்

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்து வந்த பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019-இல் அந்த வண்டி சந்தைக்கு வந்தபோது, முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18 அங்குலச் சக்கரம், 190 மி.மீ. வரை அமுங்கும் முன் ஃபோர்க் என்று மண்பாதைக்கு வேண்டிய அடிப்படைகளைச் சாதாரண சம்பளக்காரரும் எண்ணிப்பார்க்கக்கூடிய விலையில் தந்தது. விடுமுறை நாட்களில் செங்கல்பட்டுப் பக்கத்து வறண்ட ஏரிகளிலும் செம்மண் தடங்களிலும் ஓட்டுகிறேன். எஞ்சினைப் பிரிக்கும் தேவை இதுவரை வரவில்லை. ஆனால் பேரிங், சீல், புஷ், வாஷர், ஹப் ரப்பர், செயின் லாக் என்று கடைக்காரர் சிறு காகித உறையில் போட்டுத் தரும் சாமான்கள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. மண்ணில் ஓடும் வண்டியின் பராமரிப்பில் பெரும்பகுதி இந்தச் சில்லறை வேலைதான்.

இந்தப் பாகங்களை மாற்றுவது பெரும்பாலும் எளிது. ஆனால் பழையது எதனால் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், அதுவும் அதே வேகத்தில் போகும் என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. தேய்ந்த பாகத்தைக் குப்பையில் போடுவதற்கு முன் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அது உட்கார்ந்திருந்த இடத்தையும் தடவிப் பார்ப்பது பழுதுபார்ப்பின் பாதி வேலை என்பது என் கருத்து.

சக்கர பேரிங்கை எடுத்துக்கொள்வோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, டயரின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டொக்’ என்று ஓர் ஆட்டம் தெரிந்தாலே பேரிங் போய்விட்டது என்று பொருள். ஆட்டம் தெரியாத நிலையிலும் அச்சாணியை உருவிவிட்டு, உள்வளையத்தில் விரலை நுழைத்து மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல பேரிங் வெண்ணெய் போல வழுக்கிச் சுழலும், கெட்டது நறநறவென்று விரலில் உறுத்தும். அதன் ரப்பர் மூடியைப் பேனாக்கத்தி முனையால் நெம்பித் திறந்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். பழுப்பு நிறத்தில் குழம்பாகிப்போன கிரீஸ் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் கடையில் உயர் அழுத்தக் குழாயை நேராக ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின் மேல் பிடித்ததுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். கிரீஸ் சுத்தமாக இருந்தும் உள்வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு ஓடிய தடம் ஆழமாக விழுந்திருந்தால், பேரிங் பக்கவாட்டு இறுக்கத்தில் ஓடியிருக்கிறது என்று அறியலாம்.

இரண்டாவது வகைக்குக் காரணம் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஹப்புக்குள் இருக்கும் குழாய்த் துண்டு. பட்டறையில் அவசரத்தில் அதை மாட்டாமல் விட்டுவிடுவார்கள், அல்லது இரண்டாவது பேரிங்கை அளவுக்கு மீறி உள்ளே அடித்துவிடுவார்கள். அச்சாணியை இறுக்கும்போது அந்த விசை முழுவதையும் இந்தக் குழாய்தான் தாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்பட்டு, குண்டுகள் பக்கச்சுவரில் உரசியபடி ஓடும். ஆகவே ஒரு பக்கத்துப் பேரிங்கை அதன் இருப்பிடம் வரை முழுதாக இறக்கிய பிறகு குழாயைப் போட்டு, மறுபக்கத்துப் பேரிங்கைக் குழாயின் முனையை மெல்லத் தொடும் வரைக்கும் மட்டுமே இறக்க வேண்டும். எந்தப் பக்கம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இறக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஹப்பைச் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பேரிங்கை முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தால், அலுமினிய ஹப் விரிந்தும் எஃகுப் பேரிங் சுருங்கியும் இருப்பதால் வேலை பாதியாகக் குறைகிறது. அடிக்க வேண்டி வந்தாலும் வெளிவளையத்தில் மட்டுமே விசை விழ வேண்டும். அதே விட்டமுள்ள பழைய சாக்கெட் ஒன்றை மேலே வைத்து அடிப்பது நல்லது. உள்வளையத்தில் விழும் ஒவ்வோர் அடியும் குண்டுகள் வழியாக ஓடுதடத்தில் பள்ளமாகப் பதியும். அந்தப் புதிய பேரிங் சாலையைப் பார்ப்பதற்கு முன்பே பழையதாகிவிட்டது.

பேரிங் வாங்குவதற்கு வண்டியின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வளையத்திலோ மூடியிலோ பொறித்திருக்கும் எண் போதும். 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ.; 6302 என்றால் உள்விட்டம் அதே 15, ஆனால் வெளிவிட்டம் 42, அகலம் 13. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. இரண்டு இசட் எழுத்துகள் இருந்தால் தகர மூடி. தகர மூடி தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது என்பதால் ஏரி மண்ணில் ஓடும் வண்டிக்கு 2ஆர்எஸ் தவிர வேறெதையும் நான் ஏற்பதில்லை. பேரிங்கை மாற்றும்போதே அதன் வெளியே இருக்கும் தூசிச் சீலையும் மாற்றிவிட வேண்டும். அதன் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஃபோர்க் ஆயில் சீலும் இதே கதைதான். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தவுடன் சீலை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன், தூசிச் சீலை நெம்பி மேல்நோக்கி நகர்த்திவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், பல நேரம் ஒரு மணல் துகள் வெளியே வந்து கசிவு அத்தோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் குழாயை மண்ணெண்ணெயில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் மேலிருந்து கீழாக வருடிப் பார்க்க வேண்டும். கல் பட்டுக் குரோம் பூச்சில் எழும்பிய பிசிர் கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் மாட்டும். அந்தப் பிசிர் இருக்கும்வரை எத்தனை சீல் மாற்றினாலும் உதடு கிழிந்துகொண்டே இருக்கும். மிக நைசான உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, குழாயைச் சுற்றிக் குறுக்குவாட்டில் தேய்த்துப் பிசிரை மட்டும் சமன் செய்த பிறகே புதிய சீலை இறக்க வேண்டும். சீலின் உள்ளே மெல்லிய சுருள்கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி, அதாவது கீழே இருக்க வேண்டும். குழாயின் மேல்விளிம்பு சீலின் உதட்டைக் கீறாமலிருக்க, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, அதில் ஃபோர்க் எண்ணெய் தடவி இறக்குவது நல்ல பழக்கம். ஃபோர்க்கை மூடும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கழற்றிவிட வேண்டும். கிழிந்த உறை மண்ணை வெளியே தள்ளாமல் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். வழிந்த எண்ணெய் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் பட்டுவிட்டால் பேடையும் மாற்றியாக வேண்டும். சில்லறைச் செலவு பெரிய செலவாவது இப்படித்தான்.

செயினில் ஊகத்துக்கு இடமே இல்லை. இங்கே ஓடும் 150, 200 சிசி வண்டிகள் பலவற்றில் 428 வகைச் செயின் இருக்கிறது. அதன் ஒரு கண்ணியின் இடைவெளி 12.7 மி.மீ. என்பதால், 20 கண்ணிகளை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் மையத்திலிருந்து கடைசிப் பின்னின் மையம் வரை அளந்தால் புதிய செயின் 254 மி.மீ. காட்டும். அது 259 மி.மீ. தொட்டால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, அதன் ஆயுள் முடிந்தது. நீண்ட செயின், அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களை ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைத்துவிடுகிறது. வளைந்த பல்லில் புதிய செயினைப் போட்டால் அது சீக்கிரமே பழைய செயினாகிவிடும். எனவே இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளும் செயினும் ஒரே செட்டாகவே மாற வேண்டும். செயினின் இரு முனைகளையும் இணைத்துப் பூட்டும் செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்பது தெரியாத பட்டறைகள் இன்றைக்கும் இருக்கின்றன.

செயின் சீக்கிரம் போவதற்கு மண்ணைவிட அதிக இறுக்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பின் சஸ்பென்ஷன் அதிகமாக அமுங்கும் வண்டியில், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது இரு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. சாலை வண்டிக்கு வைப்பது போல இறுக்கி வைத்தால், ஒவ்வொரு குதிப்பிலும் செயின் நாண் போல விறைத்து, முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் ஆயில் சீலையும் பேரிங்கையும் சேர்த்து இழுக்கும். அங்கே எண்ணெய் கசிவதைக் கண்டு சீலை மட்டும் மாற்றிவிட்டு, செயின் தளர்வைச் சரிபார்க்காமல் அனுப்பிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் குழாய் இணைப்பில் இருக்கும் செம்பு வாஷரைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் மாற்றுவதே முறை. காலிப்பரின் ரப்பர்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவே கூடாது, ஊதிப்போய் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் மிதவை ஊசியின் கூம்பு முனையில் வளையமாகத் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் தலையில் சிறு புள்ளி இட்ட திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரநிலை வகை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் ஆழமாக உட்காராமல் வழுக்கிப் பள்ளத்தை மழுக்கிவிடும். கிளட்ச் லீவர் ஆடினால் லீவரை வாங்குவதற்கு முன் அதன் பிவட் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். தேய்மானம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

ஸ்பேர் வாங்க நான் போவது சென்னை ஜி.பி. ரோடு. பழைய பாகத்தைத் துடைத்துக் கையில் கொண்டுபோனால், பார்ட்ஸ் கேட்லாக் எண்ணும் தெரிந்திருந்தால், பேச்சே இல்லாமல் வேலை முடியும். ரப்பர் சாமான்களில் மட்டும் மலிவு பார்ப்பதில்லை. நகல் ஓ-ரிங் அளவில் சரியாகவே இருக்கும். சூட்டில் எத்தனை நாள் மெத்தென்று இருக்கும் என்பதுதான் கேள்வி. உதிரியாகக் கிடைக்காத புஷ்ஷை லேத் பட்டறையில் கன்மெட்டல் என்ற வெண்கல வகை உலோகத்தில் கடைந்து வாங்குவது நல்ல வழிதான், ஆனால் குண்டுகளுக்குப் பதில் மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பேரிங் இருந்த இடத்தில் அதைப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை.

கடைசியாக, ஹேண்டில்பாரின் கோன் செட், அதாவது அது திரும்பும் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் கிண்ணங்களும் குண்டுகளும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை இரு விரலால் மெதுவாகத் திருப்பும்போது நேர்நிலையில் ‘கட்’ என்று ஓரிடத்தில் வந்து உட்கார்ந்தால், கிண்ணத்தில் குண்டுகள் பள்ளம் பதித்துவிட்டன. எடை முழுவதையும் தாங்குவதால் கீழ்க் கிண்ணம்தான் முதலில் போகும். குண்டுகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. கிண்ணத்தோடு செட்டாக மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தைத் தட்டி எடுத்த பிறகு, ஃபிரேமில் அது உட்காரும் படியில் துருவோ மண்ணோ ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியது ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். எவ்வளவு கவனமாக இறுக்கினாலும் முதல் ஓட்டத்தில் கிண்ணங்கள் அமர்ந்து சற்றே தளரும் என்பதால், திரும்பி வந்ததும் மேல் நட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதன் பிறகும் முன் பிரேக் பிடிக்கும்போது தட்டும் சத்தம் கேட்டால், கோன் செட்டை விட்டுவிட்டு ஃபோர்க் புஷ்ஷைப் பார்க்கலாம்.