மாதத்தில் ஒரு செவ்வாய்

இன்றைக்கு அம்மாவும் நானும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்டோ பிடித்துக் கிளினிக் போய் வந்தோம். அவனுக்கு 14 வயது, பிறந்ததிலிருந்தே மூளைவாதம். 2022க்கு முன்பு வாரத்துக்கு இரண்டு தரம் பிஸியோதெரபி கிடைத்தது. அந்த வருடம் இலங்கை கடன் கட்ட முடியாமல் நின்ற பிறகு, பயிற்சி கொடுத்த மிஸ் வெளிநாடு போய்விட்டார். அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய், அதுவும் இருபது நிமிடம்.

தசை இறுகினால் திரும்ப இளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் மடங்கியே நிற்கிறது. பம்பர்ஸ் மாற்றும்போது அழுகிறான். அம்மா தையல் வேலையை விட்டுவிட்டுப் பகல் முழுக்க அவன் காலை நீவிக்கொண்டிருக்கிறார். அரசாங்கம் மிச்சம் பிடித்த அந்தச் சம்பளத்தை அம்மாதான் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவு 2024இல் 7,500 ரூபாய், 2025இல் 10,000 ஆனது. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் 2024 ஜனவரியில் பொருட்கள் வாங்கும்போது கட்டும் வற் வரியும் 18 வீதமானதே. சரி, காசு இருந்தாலும் தெரபி செய்ய ஆள் வேண்டாமா?

1996இலேயே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்குச் சட்டம் வந்துவிட்டது. 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. அந்தத் தாள்களில் இருப்பது என் தம்பியின் கால்களும்தான்.

கொழும்பு 13 பக்கம் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லித்தரக்கூடிய யாரையாவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அடுத்த செவ்வாய்க்கு இன்னும் 28 நாள் இருக்கிறது.