வில்லியமினா ஃபிளெமிங்: வாசிப்பு நாட்குறிப்பு

மார்ச் 4

ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங், தம் உதவியாளர்களின் வேலையில் சலித்துப்போய், தம் வீட்டுப் பணிப்பெண்ணே இதைவிட நன்றாகச் செய்வாள் என்று சொன்னதாக ஒரு கதை வழங்கிவருகிறது. அந்தப் பணிப்பெண்தான் பின்னாளில் வானியலாளராக விளங்கிய வில்லியமினா. அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் அந்தக் கதையிலிருந்தே தொடங்குவது எனக்கு உறுத்துகிறது. 1857இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்த அவர், பதினான்கு வயதிலேயே பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர். 1878இல் கணவருடன் பாஸ்டனுக்குக் குடியேறி, கருவுற்றிருந்த நிலையில் அவரால் கைவிடப்பட்ட பிறகே பிழைப்புக்காக அந்த வீட்டு வேலையை ஏற்றார். பிரசவத்துக்கு ஊர் திரும்பியவர், மகனைத் தாயின் பொறுப்பில் விட்டுவிட்டு, 1881இல் வானாய்வகத்தின் நிரந்தரப் பணியில் சேர்ந்தார்.

மார்ச் 7

இன்று முழுவதும் அவருடைய வேலையைப் பற்றியே படித்தேன். தொலைநோக்கியின் முன்னால் பொருத்திய முப்பட்டகம் ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் சிறு பட்டையாக விரிக்க, அது கண்ணாடித் தகட்டில் பதிவாகும். தகட்டைச் சாய்வான சட்டத்தில் நிறுத்தி, கீழேயுள்ள கண்ணாடியால் ஜன்னல் வெளிச்சத்தை அதன் மேல் திருப்பி, உருப்பெருக்கியால் அந்தப் பட்டைகளின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்த வேண்டும். 1890இல் வெளியான ஹென்றி டிரேப்பர் நினைவு அட்டவணையில் இவ்வாறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இடம்பெற்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை வகைப்படுத்தியவர் இவர்தான். 1888இல் எடுத்த ஒரு தகட்டில், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பு வாருக்குச் சற்றுத் தெற்கே அரைவட்டமாக ஒரு பள்ளம் இருப்பதை இவர் கவனித்துக் குறித்துவைத்தார். அதுவே இன்று எல்லோரும் அறிந்த, குதிரைத் தலைபோல் தோன்றும் விண்வெளித் தூசு மேகமான குதிரைத்தலை நெபுலா. ஆனால் 1895இல் வந்த வானியல் அட்டவணையில் அதைக் கண்டவராக இவர் பெயர் இல்லை, பிக்கரிங்கின் பெயரே இருந்தது.

மார்ச் 12

வில்லியமினாவே ஒரு நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். வருங்காலத்தினர் படிப்பதற்காக ஒரு பெட்டியில் சேமிக்க, 1900இல் பல்கலைக்கழகம் தன் பணியாளர்களிடமும் மாணவர்களிடமும் கேட்டு வாங்கியவற்றுள் அதுவும் ஒன்று. முந்தைய ஆண்டுதான் அவர் வானியல் நிழற்படங்களின் காப்பாளராக நியமிக்கப்பட்டு, ஹார்வர்டில் அத்தகைய பதவிபெற்ற முதல் பெண் ஆகியிருந்தார். நாட்குறிப்பிலோ மெய்ப்புத் திருத்தமும், கடிதப் போக்குவரத்தும், பிறர் எழுதியதைச் செப்பனிடும் வேலையுமே நிறைந்து கிடக்கின்றன. புதிய விண்மீன்களைத் தேடிக்கொண்டே இருக்க முடிந்தால் வாழ்க்கை எவ்வளவு இனியதாக இருக்கும் என்று ஏங்குகிறார். ஆண் உதவியாளர்கள் சிலர் ஆண்டுக்கு 2,500 டாலர் பெறும்போது, தமக்கு 1,500 டாலர்தானா என்று கேட்கிறார். தமக்கும் நடத்த ஒரு வீடும் காக்க ஒரு குடும்பமும் உண்டென்பதை இயக்குநர் நினைத்துப்பார்த்ததுண்டா என்றும் கேட்கிறார். அப்போது மகன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) படித்துக்கொண்டிருந்தான். பணிப்பெண் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

மார்ச் 13

1906இல் லண்டனின் ராயல் வானியல் கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றது; மறு ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1911 மே மாதம் நிமோனியாவால் இறக்கும்போது, அவர் கண்டறிந்த மாறொளி விண்மீன்களின், அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீன்களின், எண்ணிக்கை முந்நூறைக் கடந்திருந்தது.